மார்ஃபான் நோய்: இணைப்புத் திசுவின் பரம்பரைக் குறை

தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஒரு மாட்டுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, அதிலுள்ள மயிரையும் சதையையும் கொழுப்பையும் நீக்கிவிடுகிறார்கள். அதன் பின் எஞ்சி நிற்பது உயிரற்ற ஒரு பொருள். ஆயினும் அது கிழிவதில்லை. செருப்பாகவும் சேணமாகவும் பல ஆண்டுகள் உழைக்கிறது. அந்த வலிமைக்குக் காரணம், எண்ணற்ற நுண்ணிய நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதேயாகும். இப்பின்னல் தோலில் மட்டும் இருப்பதன்று. எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண், இரத்தக்குழாயின் சுவர், கண்ணின் வெள்ளைப் பகுதி, நுரையீரலின் நுண்ணறைகள் ஆகிய யாவற்றிலும் உயிரணுக்களைச் சூழ்ந்து, அவற்றைத் தாங்கி, ஓர் உறுப்பை மற்றோர் உறுப்புடன் பிணைத்து நிற்பது இதுவே. ஆகவே இதற்கு இணைப்புத் திசு என்று பெயர்.

ஒரு வீட்டில் உத்தரமும் கயிறும் சாந்தும் வேறுவேறு வேலை செய்வதுபோல, இணைப்புத் திசுவிலும் வேறுவேறு பொருள்கள் உண்டு. இழுத்தால் நீளாமல் நிற்கும் நார் கொலாஜன் என்ற புரோட்டீனால் ஆனது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குச் சுருங்கும் மீள்நார் வேறு வகையைச் சேர்ந்தது. இவற்றிற்கிடையே நீரைத் தேக்கி வைத்திருக்கும் கூழ் போன்ற பொருள் பரவியுள்ளது.

கொலாஜனின் அமைப்பைக் கண்டறிந்ததில் இந்திய விஞ்ஞானிகளின் பங்கு பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவராயிருந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூலக்கூறு மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது என்று நிறுவினர். அவர்களுக்கு ஆராய்ச்சிப் பொருள் கிடைத்த இடங்களுள் ஒன்று, அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அந்த இழைகளில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமே அமைந்துள்ளது. முறுக்கின் உட்புறத்தில் அதைவிடப் பெரியது எதற்கும் இடமில்லை. அந்த ஓரிடத்தில் வேறொரு அமினோ அமிலம் வந்து புகுந்தால் கயிறு சரியாக முறுக்கேறாது. குழந்தையின் எலும்புகள் சிறு அடிக்கும் முறிந்துவிடும் நோயில் பெரும்பாலும் நிகழ்வது இதுதான்.

இக்கட்டுரையின் பொருள் கொலாஜன் அன்று. மற்றொரு நாரான மீள்நாரும், அதில் பிறவியிலேயே நேரும் ஒரு குறையும் ஆகும்.

பாரிஸ் நகரத்துச் சிறுமி

1896 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் குழந்தை மருத்துவர் அந்துவான் மார்ஃபான் ஐந்தரை வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவர் சங்கத்தின் முன் காட்டினார். அவளுடைய கைகால்கள் உடலின் அளவுக்கு ஒவ்வாதபடி நீண்டும் மெலிந்தும் இருந்தன. விரல்கள் சிலந்தியின் கால்களை நினைவூட்டின. மார்ஃபான் கண்டது எலும்புகளின் நீளத்தை மட்டுமே. கண்ணைப் பற்றியோ இருதயத்தைப் பற்றியோ அவர் எதுவும் கூறவில்லை. அச்சிறுமிக்கு இருந்தது இன்று மார்ஃபான் நோய் என்று வழங்கும் நோய்தானா, அல்லது அதற்கு நெருங்கிய உறவுடைய வேறொரு நோயா என்பதில் பிற்கால மருத்துவர்கள் ஐயுறுகின்றனர். நோயின் பெயர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. மருத்துவ வரலாற்றில் இவ்வாறு நேர்வது புதிதன்று.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1914 இல் இத்தகைய உடலமைப்புடையவர்களுக்குக் கண்ணின் வில்லை இடம் பெயர்ந்திருப்பது குறிப்பிடப்பட்டது. 1931 இல் டச்சு நாட்டுக் கண் மருத்துவர் வேவே, இது பெற்றோரில் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு இறங்கக்கூடிய பரம்பரை நோய் என்று காட்டினார். 1943 இல் அமெரிக்க மருத்துவர்கள், இந்நோயாளிகளில் சிலர் இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்து இறப்பதை எழுதினர். எலும்பு மருத்துவர் ஒன்றையும், கண் மருத்துவர் மற்றொன்றையும், இருதய மருத்துவர் வேறொன்றையும் கண்டனர். மூன்றையும் ஒரே மனிதரிடத்தில் சேர்த்துப் பார்ப்பவர் அரிதாகவே இருந்தனர்.

அவ்வாறு சேர்த்துப் பார்த்தவர் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் விக்டர் மெக்யூசிக். இருதய நிபுணராகத் தொழில் தொடங்கிய அவர், இந்நோயுள்ள குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1956 இல் இணைப்புத் திசுவின் பரம்பரை நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய வாதம் எளியது. ஒரே பரம்பரைக் காரணி எலும்பையும் கண்ணையும் இரத்தக்குழாயையும் தாக்குமாயின், இம்மூன்று இடங்களிலும் பொதுவாயுள்ள ஏதோ ஒரு பொருளில்தான் குறை இருக்க வேண்டும். கண்வில்லையைத் தொங்கவிட்டிருக்கும் நாருக்கும் பெருந்தமனியின் நடுச்சுவருக்கும் பொதுவானது எது? இக்கேள்விக்கு விடை கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

ஃபைப்ரில்லின்

1986 இல் அமெரிக்காவில் லின் சகாய் என்ற அம்மையாரும் அவரைச் சேர்ந்தவர்களும் இணைப்புத் திசுவில் ஒரு புதிய புரோட்டீனைக் கண்டெடுத்தனர். மிக மெல்லிய இழைகளாக அது கோத்துக் கிடந்தமையால் ஃபைப்ரில்லின் என்று பெயரிட்டனர். இவ்விழைகள் மீள்நாருக்குச் சாரம் போன்றவை. கட்டடத்தில் சாரம் கட்டியபின் சுவர் எழுப்புவதுபோல, ஃபைப்ரில்லின் இழைகளின்மீது எலாஸ்டின் என்ற ரப்பர் போன்ற பொருள் படிந்து மீள்நார் உருவாகிறது. பெருந்தமனியின் நடுச்சுவரில் இத்தகைய மீள்படலங்கள் ஐம்பதுக்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. கண்வில்லையைப் பிடித்திருக்கும் நார்களிலோ எலாஸ்டின் கிடையாது. அவை ஏறக்குறைய முழுவதும் ஃபைப்ரில்லின் இழைகளால் ஆனவை. மெக்யூசிக்கின் கேள்விக்கு விடை இதுவே.

1990 இல் பின்லாந்து நாட்டினர் நோயின் ஜீன் 15 ஆவது குரோமோசோமில் இருப்பதைக் காட்டினர். 1991 இல் ஹால் டீட்ஸ் முதலியோர் அவ்விடத்திலுள்ள ஃபைப்ரில்லின் ஜீனிலேயே நோயாளிகளிடத்து மாறுதல் இருப்பதைக் கண்டனர். இந்த ஜீன் மிக நீண்டது. அது உண்டாக்கும் புரோட்டீனில் 2,871 அமினோ அமிலங்கள் உள்ளன. இவ்வளவு நீண்ட வாசகத்தில் பிழை நேர்வதற்கு இடங்கள் பல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு பிழைகள் இதுவரை பதிவாகியுள்ளன. பெரும்பாலான குடும்பங்களில் காணப்படும் பிழை அந்தந்தக் குடும்பத்துக்கே உரியது.

ஒவ்வொருவரிடத்தும் இந்த ஜீன் இரண்டு பிரதிகளாக உள்ளது: ஒன்று தாய் வழி, மற்றொன்று தந்தை வழி. ஒரு பிரதி செம்மையாயிருக்கும்போது மற்றொன்றின் பிழையால் என்ன கேடு விளையும் என்று கேட்கலாம். பல நோய்களில் கேடு விளைவதில்லை. ஒரு பிரதியே போதும். ஃபைப்ரில்லினோ பலவாகக் கோக்கப்பட்டு இழையாக வேண்டிய பொருள். நல்ல இழையையும் நைந்த இழையையும் சேர்த்து முறுக்கிய கயிறு, நல்ல இழையின் வலிமையைப் பெறாது. வேறு சில பிழைகளில் தீய பிரதி எதையுமே உண்டாக்குவதில்லை. அப்போது கயிறு முறுக்கப் பாதிச் சரக்கே கிடைக்கும், அதுவும் போதுவதில்லை. எனவே ஒரு பிரதி கெட்டாலே நோய் வெளிப்படுகிறது.

இதனால் விளையும் கணக்கை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். நோயுள்ளவர் ஆணாயினும் பெண்ணாயினும், அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதற் குழந்தைக்கு வந்துவிட்டமையால் இரண்டாவது தப்பிவிடும் என்பதும், முதலாவது தப்பியமையால் இரண்டாவதற்குக் கட்டாயம் வரும் என்பதும் பிழையான எண்ணங்கள். நாணயத்தை ஒவ்வொரு முறை சுண்டும்போதும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேரிடத்தில் பெற்றோர் இருவருக்கும் நோய் இராது. கருவணுவிலேயே புதிதாகப் பிழை நேர்ந்து அக்குழந்தையிடத்தில் நோய் தொடங்குகிறது. தாய்மீதோ தந்தைமீதோ பழி சுமத்துவதற்கு இங்கே இடமில்லை.

நம் நாட்டில் சொந்தத்தில் மணம் புரிந்தமையால்தான் இத்தகைய குறைகள் வருகின்றன என்று சொல்லும் வழக்கம் உண்டு. மார்ஃபான் நோயைப் பொறுத்தவரை அது உண்மையன்று. ஆயினும் இதைப் போன்ற தோற்றத்தைத் தரும் மற்றொரு நோய், ஹோமோசிஸ்டினூரியா என்பது, இரண்டு பிரதிகளும் கெட்டால் மட்டுமே வருவது. நெருங்கிய உறவினரிடையே மணம் நிகழும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு மிகுதி. அந்நோயிலும் உடல் நெடிதாக வளரும். கண்வில்லை இடம் பெயரும். மார்ஃபான் நோயில் வில்லை பெரும்பாலும் மேற்புறமாக நகர, அதில் கீழ்ப்புறமாக நகர்வது வழக்கம். மேலும் அதில் குருதி உறைந்து குழாய்கள் அடைபடும். அறிவு வளர்ச்சியும் குன்றலாம். மார்ஃபான் நோயில் அறிவுக்கு யாதொரு குறையும் இல்லை. ஹோமோசிஸ்டினூரியா நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு பி6 வைட்டமினே மருந்தாகிவிடுவதால், இரண்டையும் பிரித்தறிவது வெறும் ஏட்டு விவகாரமன்று.

உடலில் தோன்றும் அடையாளங்கள்

உலகில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவரிடத்தில் மார்ஃபான் நோய் உள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. இன வேறுபாடோ ஆண் பெண் வேறுபாடோ இதற்கு இல்லை.

நோயாளி பெரும்பாலும் தம் குடும்பத்தார் மற்றவரைவிட உயரமானவர். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்தால், சாதாரணமாக அது உயரத்துக்குச் சமமாக இருக்கும். இவர்களிடத்தில் உயரத்தைப்போல் 1.05 மடங்குக்கு மேற்படும். கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடினால், கட்டைவிரலின் நகப்பகுதி முழுதும் சுண்டுவிரல் பக்கமாக வெளியே நீட்டி நிற்கும். ஒரு கையால் மறுகையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தால், கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றன்மேல் ஒன்று படியும். இவ்விரண்டு சோதனைகளுக்கும் கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஆனால் ஒன்றிரண்டு அடையாளங்களைக் கண்டு அஞ்சுவது தவறு. நெட்டையான, விரல் நீண்ட மக்கள் பலர் முழு நலத்துடன் இருக்கிறார்கள். அடையாளங்கள் பல சேர்ந்து தோன்றுவதே கருதத்தக்கது. மார்பெலும்பு புறா மார்பைப்போல முன்னே துருத்தியிருத்தல், அல்லது குழிந்திருத்தல், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைதல், தட்டைப் பாதம், வாயின் மேலண்ணம் உயர்ந்து குறுகிப் பற்கள் நெருங்கியிருத்தல், உடல் பருக்காமலே முதுகில் தோல் வரி வரியாக விரிந்திருத்தல், காரணமின்றி நுரையீரல் வெடித்து மார்புக்கூட்டில் காற்று புகுதல் ஆகியவை அத்தகையன.

கண்ணில் கிட்டப்பார்வை இளமையிலேயே கடுமையாகத் தோன்றும். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவரிடத்தில் வில்லை இடம் பெயர்கிறது. பள்ளிப் பிள்ளை ஒருவன் ஆண்டுதோறும் கண்ணாடியை மாற்றியும் கரும்பலகையைக் காண இடர்ப்படுவானாயின், பாவையைச் சொட்டு மருந்தால் விரித்து வில்லையின் விளிம்பைப் பார்க்கும்படி கண் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாதாரணமாகக் கண்ணாடிக்கு அளவெடுக்கும் கடையில் இச்சோதனை நடைபெறுவதில்லை. எத்தனையோ நோயாளிகளுக்கு நோயின் முதற் செய்தி கண் மருத்துவரிடமிருந்தே கிடைத்திருக்கிறது.

ஒரு குடும்பத்திலேயே தந்தைக்கு இருதயக் கோளாறு மிகுந்தும், மகளுக்குக் கண்குறை மட்டும் இருந்தும் வேறுபடுவதுண்டு. பிழை ஒன்றாயினும் விளைவு ஒன்றாக அமைவதில்லை. இதன் காரணம் இன்னும் முழுதும் விளங்கவில்லை. ஆபிரகாம் லிங்கனின் உயரத்தையும் நீண்ட கைகளையும் கொண்டு அவருக்கு இந்நோய் இருந்தது என்று 1960-களில் சில மருத்துவர்கள் எழுதினார்கள். மெய்ப்பிக்கப்படாத அந்த ஊகத்தால் நோயின் பெயர் பலர் காதில் விழுந்தது என்பதற்கு மேல் பயன் எதுவும் இல்லை.

பெருந்தமனி

எலும்பும் கண்ணும் வாழ்வைக் கடினமாக்கலாம். உயிரைப் பறிப்பது பெருந்தமனியே. இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனியின் தொடக்கப் பகுதி விரிந்து, பின் சுருங்கி, இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. மீள்நார்களில் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அமைக்கப்படுகின்றது. பின்னர் புதிதாக அமைவது மிகச் சிறிது. எலும்பு முறிந்தால் கூடிக்கொள்கிறது. தோல் கிழிந்தால் ஆறுகிறது. மீள்நார் அறுந்தால் அறுந்ததுதான்.

நார் நைந்த இடத்தில் குழாய் சிறிது சிறிதாக அகலுகிறது. இங்கே பௌதிக விதி ஒன்று குறுக்கிடுகிறது. உள்ளேயுள்ள அழுத்தம் மாறாதிருக்கும்போது, குழாயின் ஆரம் பெருகப் பெருகச் சுவரின்மீதுள்ள இழுவிசையும் பெருகும். ஆகவே அகன்ற குழாய் மேலும் அகலுவதற்கே ஏதுவாகிறது. வளர்ந்தவரிடத்தில் 3 முதல் 3.5 சென்டிமீட்டர் வரை இருக்கவேண்டிய விட்டம் 4 ஆகி, 4.5 ஆகி, 5 ஆகும் வரையிலும் நோயாளி எதையும் உணர்வதில்லை. வலி இல்லை, மூச்சு முட்டுவதில்லை, ஓடலாம், ஆடலாம். பிறகு ஒரு நாள் சுவரின் உட்படலம் கிழிந்து, இரத்தம் படலங்களுக்கிடையே புகுந்து அவற்றைப் பிளந்துகொண்டு செல்கிறது.

அமெரிக்க நாட்டுக் கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 196 சென்டிமீட்டர் உயரமுடையவர். 1984 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் வெள்ளிப்பதக்கம் வென்ற குழுவின் நட்சத்திரமாக விளங்கியவர். உயரமும் நீண்ட கைகளும் கிட்டப்பார்வையும் அவரிடத்தில் இருந்தன. அத்தனையும் எல்லோர் கண்ணிலும் பட்டவையே; எவரும் அவற்றை நோயின் அடையாளமாகக் கருதவில்லை. வலைக்கு மேலே பந்தை அடிப்பதற்கு அந்த உடலமைப்பு ஒரு செல்வமாகவே எண்ணப்பட்டது. 1986 ஜனவரி 24 அன்று ஜப்பானில் மாட்சுயே நகரத்தில் நடந்த ஓர் ஆட்டத்தின் நடுவே, மாற்றாளுக்கு இடம் விட்டு வந்து பெஞ்சியில் அமர்ந்த அவர், ஓசையின்றிச் சரிந்து விழுந்து உயிர் நீத்தார். வயது 31. மாரடைப்பு என்றே முதலில் கூறப்பட்டது. உடல் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பிரேத பரிசோதனை செய்யப்பட்டபோதுதான், இருதயம் செம்மையாயிருந்ததும், பெருந்தமனியில் சிறியதொரு நைந்த இடம் கிழிந்திருந்ததும் தெரியவந்தன.

பெருந்தமனி பிளக்கும்போது மார்பிலோ முதுகிலோ திடீரெனத் தாங்கமுடியாத வலி எழும். கிழிப்பது போன்ற வலி என்றே நோயாளிகள் சொல்லுவார்கள். மாரடைப்பு என்று கொண்டு, இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் பெருங்கேடு விளையும். நோயாளியும் உடனிருப்போரும் நோயின் பெயரை முன்கூட்டியே அறிந்து, மருத்துவமனையின் வாயிலிலேயே அதைச் சொல்லவேண்டியதன் தேவை இதனால் விளங்கும். இருதயத்தை ஒட்டிய பகுதியில் பிளவு ஏற்பட்டுச் சிகிச்சை கிட்டாவிடில், முதல் இரண்டு நாட்களில் மணிக்கு மணி நூற்றுக்கு ஒருவர் இருவராக இறப்பர் என்பது நெடுங்காலக் கணக்கு.

சிகிச்சை

1972 இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, இந்நோயால் இறந்தோரின் சராசரி வயது 32 என்று காட்டியது. 1995 இல் வெளிவந்த மற்றொன்றில், நோயாளிகளில் பாதிப்பேர் 72 வயதையும் கடந்து வாழக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. ஒரே தலைமுறைக்குள் நேர்ந்த இம்மாறுதலுக்கு ஜீன் ஆராய்ச்சி காரணமன்று. அந்த ஜீன் 1991 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பெருந்தமனியின் விட்டத்தை ஒலியலைகளால் வலியின்றி அளக்கும் எக்கோ கருவியும், அறுவைச் சிகிச்சையுமே பெரும்பங்கு பெற்றன.

லண்டன் நகரத்தில் ஹியூ பென்டாலும் அந்தோணி டி போனோவும் 1968 இல் எழுதிய முறையில், அகன்ற தொடக்கப் பகுதி முழுவதும் வெட்டி நீக்கப்பட்டு, செயற்கை நெசவுக் குழாயும் அதன் அடியில் செயற்கை வால்வும் ஒன்றாகப் பொருத்தப்படும். இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் தமனிகள் இரண்டும் அக்குழாயில் தைக்கப்படும். செயற்கை வால்வு நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான இந்திய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டபின், அதற்கான செலவு பெரிதும் குறைந்தது. உலோக வால்வு பொருத்தப்பட்டவர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். அம்மருந்து கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது. ஆதலால் இளம் பெண்களுக்கு இது பெரிய இடையூறு. டொரொண்டோவில் டிரோன் டேவிட் 1992 இல் வெளியிட்ட முறையில், நோயாளியின் சொந்த வால்வே காப்பாற்றப்பட்டுச் செயற்கைக் குழாயினுள் தைக்கப்படுகிறது. இதற்குக் கைத்திறமை மிகுதியாக வேண்டும். வாய்த்தால் அந்த மருந்தின் தொல்லை இல்லை.

எப்போது செய்வது என்பதே முக்கியம். பத்து மருத்துவமனைகளில் இச்சிகிச்சை பெற்ற 675 மார்ஃபான் நோயாளிகளின் கணக்கு 1999 இல் வெளிவந்தது. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்துகொண்டவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 1.5. அவசரமாக, ஒரு நாளைக்குள் செய்ய நேர்ந்தவர்களில் நூற்றுக்கு 11.7. மருத்துவமனைக்கு வருமுன் இறந்தவர்கள் இக்கணக்கில் சேரவே மாட்டார்கள். இதனால் விட்டம் 5 சென்டிமீட்டரை எட்டியதும் அறுவை செய்வது வழக்கமாயிற்று. குடும்பத்தில் எவருக்கேனும் பெருந்தமனி பிளந்திருந்தாலோ, விட்டம் விரைந்து வளர்ந்தாலோ, 4.5 சென்டிமீட்டரிலேயே செய்யப்படும். கருவுற விரும்பும் பெண்ணுக்கும் 4.5 சென்டிமீட்டரைக் கடந்திருந்தால், முன்னதாகவே அறுவை செய்துகொள்ளும்படி கூறப்படுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்தை அடுத்த வாரங்களிலும் பிளவு நேரும் வாய்ப்பு கூடுகிறது. திருமணத்துக்கு முன் மறைக்கப்படும் நோய் பிரசவ அறையில் வெளிப்படுமாயின், அதற்குக் கொடுக்கும் விலை பெரிது.

மருந்துகளின் வேலை குழாய் அகலும் வேகத்தைக் குறைப்பது. துடிப்பின் வேகத்தையும் விசையையும் தணிக்கும் புரோப்ரனலால் போன்ற மருந்துகள் பயன் தருவதை 1994 இல் வெளிவந்த சோதனை காட்டியது. அதன்பின் வந்த வரலாறு சற்றுச் சிக்கலானது. ஃபைப்ரில்லின் இழை வெறும் சாரமன்று. திசு வளர்ச்சியைத் தூண்டும் டி.ஜி.எஃப். பீட்டா என்ற பொருளைக் கட்டி வைத்திருக்கும் வேலையும் அதற்கு உண்டு என்று தெரியவந்தது. இழை குறைபட்டால் அப்பொருள் வரம்பின்றிச் செயற்படும். 2006 இல் நோயுள்ள சுண்டெலிகளுக்கு, இரத்த அழுத்தத்துக்கு வழங்கும் லோசார்ட்டான் என்ற மருந்தைக் கொடுத்தபோது, பெருந்தமனி அகலுவது ஏறக்குறைய நின்றேபோயிற்று. நோயாளிகளும் மருத்துவர்களும் பெரு நம்பிக்கை கொண்டனர். ஆனால் 608 குழந்தைகளையும் இளைஞர்களையும் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014 இல் வெளியான சோதனையில், லோசார்ட்டானும் பழைய வகையைச் சேர்ந்த அட்டினலாலும் சமமாகவே இருந்தன. எலி மனிதனன்று. எனினும் முயற்சி வீணாகவில்லை. பல சோதனைகளின் கணக்குகளை ஒன்றுசேர்த்து 2022 இல் வெளிவந்த ஆராய்ச்சியில், லோசார்ட்டான் இனத்து மருந்துகள் அகலும் வேகத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதும், இரு இன மருந்துகளையும் சேர்த்து வழங்கினால் நன்மை கூடலாம் என்பதும் தெரிந்தன. இரண்டும் இந்தியாவில் குறைந்த விலையில் கிடைக்கும் மருந்துகளே. மருத்துவர் அளவறிந்து தரவேண்டியவை. கர்ப்பிணிக்கு லோசார்ட்டான் ஆகாது.

தவிர்க்கவேண்டிய மருந்தும் ஒன்றுண்டு. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நம் நாட்டில் தாராளமாக வழங்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் இனத்து மருந்துகள் பெருந்தமனிக்கு ஊறு செய்யக்கூடும் என்று 2018 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. வேறு மருந்து இருக்கையில் மார்ஃபான் நோயாளி இவற்றை உண்ணலாகாது. மூச்சைப் பிடித்துப் பளு தூக்குதல், மல்யுத்தம், கபடி, மோதி விளையாடும் பந்தாட்டங்கள் ஆகியவற்றையும் விலக்க வேண்டும். நடத்தல், இளவேகத்தில் நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல் போன்றவற்றை மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம். நெட்டையான மாணவன் ஒருவனை விளையாட்டுக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், அவன் மார்பையும் விரல்களையும் கண்ணாடியையும் ஒருமுறை கவனித்துவிட்டு, ஐயமிருந்தால் எக்கோ பரிசோதனைக்கு அனுப்புவது அவருக்குச் சில நிமிட வேலை.

குடும்பத்தினரைச் சோதித்தல்

ஒருவரிடத்தில் நோய் உறுதியானவுடன், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் அனைவரும் உடலமைப்பு, கண், எக்கோ ஆகிய மூன்று பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். ஜீன் பரிசோதனை ஹைதராபாத்திலுள்ள டி.என்.ஏ. ரேகை, நோயறி மையம் போன்ற இடங்களில் நடைபெறுகிறது. முதல் நோயாளியிடத்தில் பிழை இன்னதென்று ஒருமுறை தெரிந்துவிட்டால், உறவினரிடத்தில் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும்; செலவும் குறையும், ஐயமும் தீரும். அப்பிழை இல்லாதவர் மேற்கொண்டு ஆண்டுதோறும் சோதனைக்கு வரவேண்டுவதில்லை. ஜீன் பரிசோதனைக்கு வழியில்லாத இடத்தில், வளரும் பிள்ளைக்கு முதல் எக்கோ செம்மையாயிருந்தது என்று விட்டுவிடாமல், வளர்ச்சி முடியும் வரை இடைவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். குழந்தையின் பெருந்தமனி அகலமானதா என்பதை உடலின் அளவோடு ஒப்பிட்டே தீர்மானிக்கலாகும். நோய் உறுதியானவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளவெடுத்து, பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். ஒரு தனி அளவைவிட, சென்ற ஆண்டிலிருந்து எவ்வளவு கூடியது என்பதே மருத்துவருக்குப் பெரிதும் உதவுவது.

ஃப்ளோ ஹைமனின் பிரேத பரிசோதனை முடிவு தெரிந்தபின் அவருடைய குடும்பத்தினர் சோதிக்கப்பட்டனர். சகோதரர் ஒருவருக்கும் அதே நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அவருக்கு உரிய காலத்தில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது.